மஞ்சள் தண்ணீரும் மாநிலத் தரவுக் காப்பகமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் கன்னியம்மன் நகர் என்று ஒரு குடியிருப்பு. அங்கே எந்தக் கிணற்றில் வாளியை இறக்கினாலும் தண்ணீர் மஞ்சளாக வரும். பக்கத்தில் ஒரு முலாம் பட்டறை. ஸ்கூட்டர் பம்பருக்கும் சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் பளபளப்பு ஏற்றிவிட்டு, மிச்சத்தைத் தரைக்குள் விட்டுவிடுவார்கள். பளபளப்பு ஊருக்கு, மிச்சம் கன்னியம்மன் நகருக்கு. அந்தத் தண்ணீரில் குளித்தால் அரிப்பு, குடித்தால் வயிற்று வலி. இதைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானம் எதற்கு, கண் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், கோப்பில் வருவதே மெய் என்று நம்புகிறவர்கள் கையில்தான் அந்தத் தெருவின் தொண்டை இருந்தது.

கோப்புக்கு வேண்டிய சரக்கு வேதமுத்துவிடம் இருந்தது. அவர் ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். மாணவர்களின் செய்முறை வகுப்புக்காக ஒருநாள் கன்னியம்மன் நகரில் தண்ணீர் எடுக்க வந்தவர், பல வருஷம் வந்துகொண்டே இருந்தார். மாதா மாதம் ஒவ்வொரு கிணற்றிலும் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார், கல்லூரியில் சோதிப்பார், குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எழுதி வைப்பார். அவருக்கு இறைத்துக் கொடுத்தவள் பஞ்சவர்ணம். தொழிற்பேட்டையில் சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மகனுக்குக் கை கால் முழுக்கப் புண். தெருவைக் கூட்டி மனு எழுத வைத்ததும் அவள்தான்.

மனுவுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. விசாரணை முடியும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி விடும்படி உத்தரவு வந்தது. தண்ணீர் கெட்டது என்று முடிவானால் தெருவுக்குக் குழாய் போடுவார்கள், கெடவில்லை என்று முடிவானால் லாரியும் நின்றுவிடும். வேதமுத்து தம்முடைய தாள்களை எல்லாம் ஒரு பையில் அடுக்கிக்கொண்டு, பூந்தமல்லியில் இருந்த நீர்த்தூய்மை விசாரணை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். இத்தோடு முடிந்தது வேலை என்று நினைத்தார். பாவம், படித்த மனுஷன்.

விசாரணை அதிகாரி மனோகரன் பையைத் தொடவில்லை. தொட்டால் பெற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்று கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் வேதமுத்து, உங்க வீட்டு பீரோவுல இருக்கிற வரைக்கும் இது தரவு இல்ல, அபிப்பிராயம். அபிப்பிராயத்த வெச்சு நான் ஒரு தொழிலக் கெடுக்க முடியுமா? தகுந்த காப்பகம் ஒண்ணுல இத வையுங்க. அங்கேருந்து எனக்கு வரட்டும். அதே எண்ணுதான், ஆனா உண்மையாயிடும்."

தகுந்த காப்பகம் எது என்று வேதமுத்து கேட்டார். அதைத் தேர்ந்தெடுப்பது ஆராய்ச்சியாளரின் சுதந்திரம், அதில் அரசு தலையிடாது என்றார் மனோகரன். தகாத இடத்தில் வைத்தால் மட்டும் நிராகரிப்போம் என்றும் ஆறுதலாகச் சொன்னார்.

வேதமுத்து முதலில் தம் கல்லூரி நூலகத்துக்குப் போனார். நூலகர் தாள்களைப் பார்த்துவிட்டு, முதுகு இல்லாத எதையும் அலமாரியில் நிறுத்த முடியாது என்றார். பைண்டு செய்து முதுகு போட்டுக்கொண்டு போனபோது, முதுகு வந்துவிட்டதால் இது இப்போது புத்தகம், புத்தகம் என்றால் பதிப்பாளர் வேண்டும் என்றார். பைண்டைப் பிரித்துக்கொண்டு நகரத்தில் ஒரு பெரிய பேராசிரியரிடம் போனார். அவர் மிகவும் அன்பாகப் பேசினார். தரவைத் தம் துறையில் வைப்பதில் தடையே இல்லை, இத்தனை வருஷமாக அதைச் சேகரித்தவர் தாம்தான் என்று ஒரு வரி மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்றார். கன்னியம்மன் நகர் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று வேதமுத்து கேட்டதில் பேராசிரியரின் அன்பு தீர்ந்துபோயிற்று.

அங்கே இங்கே அலைந்து செருப்புத் தேய்ந்த பிறகுதான் அந்த விஷயம் அவருக்குத் தெரிய வந்தது. காப்பகம் கன்னியம்மன் நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், தொழிற்பேட்டைக்குள்ளேயே இருந்தது. மாநில ஆய்வுத் தரவுக் காப்பு மற்றும் பகிர்வு மையம். பழைய அரிசிக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நடுவில் கண்ணாடி அறை கட்டி, அதற்கு ஏசி போட்டு, உள்ளே ஒரு கம்ப்யூட்டரை வைத்துச் சால்வை போர்த்தியிருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனவர்கள் தம்மையறியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள்.

மையத்தின் இயக்குநர் ராஜசேகரன் வேதமுத்துவை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். மையம் தொடங்கிய நாள் முதல் ஒரு தரவுகூடத் தொலைந்ததில்லை, களவு போனதில்லை, ஒரு தரவையாவது யாராவது தவறாகப் பயன்படுத்தியதாகப் புகார் வந்ததில்லை, இந்தியாவில் வேறு எந்தக் காப்பகம் இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும் என்று கேட்டார். வேதமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. தகுந்த இடம் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, இதுவரை எவ்வளவு தரவு சேர்ந்திருக்கிறது என்று மரியாதைக்குக் கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் வாங்கல. அவசரப்பட்டு வாங்கினா பேர் கெட்டுடும் பாருங்க," என்றார் ராஜசேகரன்.

பொருத்தக் குழு என்று ஒன்று இருந்தது. காப்பகம் தரவுக்குப் பொருத்தமா என்று அது பார்க்காது. தரவு காப்பகத்துக்குப் பொருத்தமா என்று பார்க்கும். கல்யாணத்துக்குக்கூடப் பத்துப் பொருத்தம் பார்த்து, நாலைந்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தாலி கட்டுகிறார்கள். இந்தக் குழு அப்படி விட்டுக்கொடுப்பதாக இல்லை. தண்ணீர் இருந்த கிணறுகளில் மட்டும் ஏன் சோதித்தீர்கள், வறண்ட கிணறுகளை ஏன் புறக்கணித்தீர்கள் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். இன்னொருவர், இந்தத் தரவு யாருக்காவது தேவைப்படுமா என்று கேட்டார். உடனடியாகத் தேவைப்படும் ஐயா, ஒரு தெருவே இதை நம்பிக் காத்திருக்கிறது என்று வேதமுத்து எழுந்து நின்று சொன்னார். குழுவின் முகம் வாடிவிட்டது. தேவைப்படும் தரவு என்றால் ஆள் வரும், ஆள் வந்தால் கதவைத் திறக்க வேண்டும், கதவைத் திறந்தால் குளிர் வெளியே போகும். மறுபரிசீலனைக்கு ஒத்திவைத்தார்கள்.

அந்த வாரம் பஞ்சவர்ணம் திருமுல்லைவாயிலில் இருந்த வேதமுத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். லாரி இப்போதெல்லாம் நினைத்தால்தான் வருகிறது என்றாள். "லாரிக்காரன் நம்மளப் பாத்து சிரிச்சிகினு போறான் சார். தீபாவளி வரைக்கும் தான், அப்பறம் கெணத்துலயே மொண்டுக்கோங்கோன்றான். பையனுக்குப் புண்ணு இப்பதான் ஆறிகினு வருது. மறுபடி அந்தத் தண்ணியா சார்?"

வேதமுத்து மறுநாளே மையத்துக்கு ஓடினார். இயக்குநர் இல்லை. வாசலில் பதிவறை உதவியாளர் கஜபதி பீடி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அந்தக் கட்டடத்தில் வேலை என்று எதையாவது செய்தவர் அவர் ஒருவர்தான். வேதமுத்துவின் கதையைக் கேட்டுவிட்டு, காதோரம் குனிந்து வழி சொன்னார்.

"சார், நீ ஏன் தேவப்படும்னு சொல்ற? இத யாருக்கும் தேவப்படாதுன்னு ஒரு பேப்பர்ல எய்திக் குடுத்துடு. உடனே எடுத்துப்பாங்கோ."

எழுதிக் கொடுத்தார். என்ன செய்வது, லாரி வர வேண்டுமே. அடுத்த கூட்டத்திலேயே தரவு எல்லா வகையிலும் பொருத்தம் என்று குழு ஒருமனதாக ஏற்றது. தலைவர் எழுந்து கை குலுக்கினார்.

ஏற்றுக்கொண்டதும் இன்னும் சில சம்பிரதாயங்கள் வந்தன. தரவு தாளில் இருக்கக்கூடாது, ஃப்ளாப்பியில் இருக்க வேண்டும். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, ஒரு பெண் டைப் செய்ய, வேதமுத்து எண்களை வாசித்தார். கறுப்பாக, சதுரமாக, விசிறிக்கொள்ளத் தோதாக இருக்கும் தகடுகள் அவை. ஓரத்தில் நீளமாக ஒரு திறப்பு. அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதைப் படிக்கும். அங்கே விரல் ரேகைகூடப் படக்கூடாது என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு ஒற்றைப் பிரதிச் சான்று. இந்தத் தரவுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் தாள்கள் இருக்கின்றனவே என்றார் வேதமுத்து. ராஜசேகரன் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினார்.

"ரெண்டு பிரதி இருந்தா, ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா, எது உண்மைன்னு எப்படித் தெரியும்? ஒண்ணே ஒண்ணு இருந்தா அந்தச் சந்தேகத்துக்கே இடமில்ல. இது உங்களப் பாதுகாக்கத்தான் சார்."

மாட்டேன் என்று சொல்ல வேதமுத்து வாயைத் திறந்தார். பஞ்சவர்ணத்தின் மகன் முழங்கை நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டார். மையத்தின் பின்புறம் சான்றொப்பமிடும் அதிகாரி ஒருவர் முன்னிலையில் அத்தனை தாளையும் எரித்தார்கள். நெருப்பு வீணாவானேன் என்று கஜபதி அதில் ஒரு பானையை ஏற்றி எல்லோருக்கும் டீ போட்டார். டீ நன்றாகவே இருந்ததாக அதிகாரி பாராட்டினார். வேதமுத்துவின் மனைவி செலின் அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஃப்ளாப்பிகள் கண்ணாடி அறைக்குள் போயின. பூந்தமல்லிக்கு அனுப்புவதற்கான உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது. நடுவில் ஆயுத பூஜை வந்தது.

தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? லேத் மிஷினிலிருந்து வாட்ச்மேன் தடிவரை சந்தனம் குங்குமம் பார்க்காத பொருள் கிடையாது. மையத்துக்கு மட்டும் இத்தனை வருஷமாக ஒரு குறை இருந்தது, பூஜையில் வைக்கத் தரவு இல்லை. டைப்ரைட்டரையும் தீயணைப்பானையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. வேதமுத்துவுக்கு முதல் அழைப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்தான் என்றாலும், அழைப்பை மதித்துப் போனார்.

பஸ் கிடைக்காமல் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். வாசலில் வாழைக்கன்று, தோரணம். உள்ளே தலைவாழை இலையில் பொரி, கடலை, பழம். நடுவில் அவருடைய ஃப்ளாப்பிகள் வரிசையாக, உறையிலிருந்து எடுக்கப்பட்டு, குளித்து முழுகிய பிள்ளைகளைப்போல உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் திறப்பிலும் சரியாக, குழைத்த சந்தனம் கட்டைவிரல் அகலத்துக்கு. சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

வேதமுத்து கஜபதியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் அந்த இடத்தில் வைத்தீர்கள் என்று கேட்டார்.

"அதான் சார் நெத்தி மாரி கீது," என்றார் கஜபதி, பக்தியோடு. "வேற எங்க வெச்சாலும் லட்சணமா இல்ல."

ஈரம் காய்வதற்குள் துடைத்தால் ஏதாவது மிஞ்சும் என்று வேதமுத்து இலையை நோக்கிக் கையை நீட்டினார். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கலாமா? புத்தகத்தையே தொடக்கூடாத நாள். நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து எடுப்போம் என்றார் ராஜசேகரன். சந்தனம் குளிர்ச்சி, ஃப்ளாப்பிக்கும் குளிர்ச்சிதானே வேண்டும், விஞ்ஞானத்தையும் நம் பண்பாட்டையும் இந்த மையம் எப்படி இணைத்திருக்கிறது பாருங்கள் என்று ஊழியர்களுக்குச் சிறு உரையும் ஆற்றினார். கற்பூரத் தட்டு ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கும் தனித்தனியாக, நிதானமாக, மிக அருகில் சுற்றி வந்தது. வேதமுத்துவின் கையில் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதார். வந்த பஸ்ஸெல்லாம் போயிற்று.

விஜயதசமிக்கு நல்ல நேரத்தில் எடுத்து, சந்தனத்தைச் சுரண்டிவிட்டு உள்ளே செருகினார்கள். கம்ப்யூட்டர் முனகியது, பிழை என்றது, பிறகு அதையும் சொல்லவில்லை. இதனால் மையத்தில் யாரும் கலங்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து வந்த படிவத்தில் குரோமியம், ஈயம், உப்பு என்று கட்டங்கள் இருந்தன. படிக்க முடியவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று அடியில் குறிப்பு வேறு. ஆகவே எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

மனோகரன் அசந்துபோனார். இவ்வளவு சுத்தமான தண்ணீரை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. உப்புகூட இல்லை. மழைத் தண்ணீரிலேயே ஏதாவது கொஞ்சம் இருக்கும். பட்டறைக்கு அருகில் இருந்தும் நீர் இப்படி இருக்கிறது என்றால், அதற்குப் பட்டறையின் பொறுப்புணர்வே காரணமாக இருக்கலாம் என்று குறிப்பு எழுதி, பட்டறையை விரிவாக்க அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தார். தண்ணீர் லாரி நிறுத்தப்பட்டது.

வேதமுத்து கன்னியம்மன் நகர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினார். மேஜைமேல் வைத்தார். எலுமிச்சம்பழ நிறத்தில் பளிச்சென்று இருந்தது. மனோகரன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"உங்க வார்த்தையத்தான் சார் நான் நம்பியிருக்கேன். இது உங்க தரவு. நீங்களே வந்து இது பொய்யின்னா, அப்ப நீங்க சொல்றத எப்படி சார் நம்புறது?"

சரி, மையத்திலாவது ஃப்ளாப்பியைத் திரும்ப வாங்கி எங்காவது காட்டிப் பார்ப்போம் என்று போனார். பகிர்வுப் பிரிவு என்று ஒரு மேஜை இருந்தது. தரவைப் பார்க்க விரும்புகிறவர் அதில் என்ன இருக்கிறது என்று முதலில் துல்லியமாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவருக்கு உண்மையான தேவை இருப்பது புரியும் என்றார்கள். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வேதமுத்து. ஆனால் அவர் இந்தத் தரவு யாருக்கும் தேவைப்படாது என்று கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாரே. எடுத்துக் காட்டினார்கள்.

வேதமுத்து கன்னியம்மன் நகருக்குப் போய் நடந்ததைச் சொன்னார். எல்லாத் தாளும் எரிந்துபோனதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்த முடியவில்லை. பெண்கள் திட்டுவார்கள் என்று நினைத்தார். யாரும் திட்டவில்லை. பஞ்சவர்ணம் மட்டும், தாளை எரித்த அந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். படித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு நேரில் கொண்டுபோய்க் காட்டுவோம் என்றாள்.

மறுநாள் தெருவே கிளம்பியது. வீட்டுக்கு வீடு இருந்த குடங்களில் எல்லாம் கிணற்றுத் தண்ணீரை மொண்டு, எவர்சில்வர், பிளாஸ்டிக், நசுங்கிய பித்தளை என்று இடுப்பில் ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டைக்குள் நடந்தார்கள். மையத்தின் வாசலில் இறக்கி வரிசையாக வைத்தார்கள். போலீஸைக் கூப்பிடுவார்கள், பத்திரிகைக்காரன் வருவான், நாலு பேர் மஞ்சள் தண்ணீரைக் கண்ணால் பார்ப்பார்கள் என்பது பஞ்சவர்ணத்தின் கணக்கு. வேதமுத்துவுக்கும் பல மாதம் கழித்து உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தது.

ராஜசேகரன் வெளியே வந்தார். குடங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பொதுமக்கள் தாமாக முன்வந்து இவ்வளவு தரவை ஒப்படைப்பது மையத்தின் வரலாற்றில் முதல் முறை என்றார். பொருத்தக் குழுவைக் கூட்டச் சொன்னார். இது யாருக்காவது தேவைப்படுமா என்று குழு கேட்டது. "இந்தக் கருமம் யாருக்கு வோணும்?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. குழு அந்த நிமிஷமே ஏற்றுக்கொண்டது.

கஜபதி ஒவ்வொரு குடத்தின் வாயையும் துணியால் கட்டி அரக்கு வைத்து எண் போட்டார். ஒற்றைப் பிரதிச் சான்றும் வந்தது. இதைத் தவிர என்னிடம் வேறு குடம் இல்லை என்று அதில் இருந்தது. வேதமுத்து வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார். ஆனால் முத்திரை குத்திய ரசீதைப் பார்த்ததும், கடைசியில் மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்று பெண்கள் சந்தோஷப்பட்டு வரிசையில் நின்று கைநாட்டு வைத்தார்கள். அந்த மையம் வாங்கிய சான்றுகளிலேயே முழு உண்மையானவை அவைதான். குடங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி அறைக்குள் போயின. கதவு சாத்தப்பட்டது, குளிர் வீணாகாமல்.

பிறகு ஒருத்தி கஜபதியிடம் போய், ரசீது கிடைத்துவிட்டதே, குடத்தை எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். பகிர்வுப் பிரிவில் எழுதிக் கொடுக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் வாசல் குழாயில் வாட்ச்மேன் சாயங்காலம் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள விடுவான். லாரி நின்ற பிறகு அதுதான் தெருவுக்குக் கதி. சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது.

வேதமுத்து படியில் உட்கார்ந்துவிட்டார். பஞ்சவர்ணம் வந்து பக்கத்தில் நின்றாள். அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

"தண்ணிய அவங்களே வெச்சிக்கட்டும் சார். கொடத்த மட்டும் வாங்கிக் குடு."